எழுபத்திரண்டு மூக்குகள்

நான் ஓய்வு பெற்ற அன்று ஊரிலுள்ள தராசுகள் எல்லாம் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டன. முப்பத்து மூன்று வருஷம் எடை அளவு ஆய்வாளராக இருந்தவள் நான். என் செருப்புச் சத்தம் கேட்டாலே கடைக்காரர்கள் தட்டிலிருந்து கட்டைவிரலை எடுத்துவிடுவார்கள். ஒருவர் பதற்றத்தில் கல்லாப்பெட்டிக்குள் கையை வைத்துப் பூட்டிக்கொண்டு, நான் போன பிறகுதான் எடுத்தார் என்று சொல்வார்கள். நான் மறுக்கவில்லை.

ஓய்வுக்குப் பிறகு பதினொரு நாள் சும்மா இருந்தேன். பன்னிரண்டாம் நாள் காலையில் என் வீட்டுக்காரர் சமையலறை வாசலில் வந்து நின்றார். அவர் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். நிறுத்தத்துக்கு முன்பே வேகத்தைக் குறைக்கிறவர், வீட்டிலும் அப்படித்தான், எதையும் மெதுவாகத்தான் ஆரம்பிப்பார்.

"ஏம்மா, நேத்து நீ உப்பு ஜாடியை எடை போட்டதப் பாத்தேன்."

"பாக்கெட்டுல போட்டிருந்தத விட பன்னிரண்டு கிராம் குறையுதுங்க."

"முந்தாநாள் என் தலையணையை அளந்த."

"ஒரு பக்கம் சரிஞ்சிருக்கு."

"அடுத்து என்னைத்தான் அளப்பே. எங்கயாவது போய் எதையாவது படிச்சுட்டு வா தாயே."

போனேன். நாலு தெரு தள்ளி, பழைய கிடங்கு ஒன்றில் துணி அச்சு வடிவமைப்புச் சொல்லித்தருகிறார்கள். வகுப்பில் பதினொரு பேர். மற்ற பத்து பேரின் வயதையும் கூட்டினால் என் வயது வரும். கொஞ்சம் மீதியும் எனக்கே இருக்கும். பாடம் நடத்துகிற மேடம் என் மகளை விட இரண்டு வயது சின்னவள். முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும், யாரோ சோதனைக்கு வந்துவிட்டார்கள் என்று நினைத்து எழுந்து நின்று, சாயப்பசை டப்பாக்களின் ரசீதை எடுத்து நீட்டினாள். பழக்கதோஷம், நானும் வாங்கிச் சரிபார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

படிப்பு இரண்டு வருஷம். ஆனால் இரண்டாம் வருஷம் எல்லோருக்கும் கிடையாது. பெரிய அச்சு மேசையில் ஆறு பேருக்குத்தான் இடம். முதல் வருஷக் கடைசியில் ஒவ்வொருவரும் சொந்த டிசைனில் ஆறு மீட்டர் துணி அச்சடித்துத் தொங்கவிட வேண்டும். இரண்டு பேர் வந்து பார்த்து ஆறு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். மற்ற ஐந்து பேர் டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

என் மகள் இதை "அம்மாவோட டைம்பாஸ்" என்றாள். மாப்பிள்ளை மரியாதைக்காரர், "அத்தையோட பொழுதுபோக்கு" என்றார். எனக்கு அப்படி இல்லை. வேலையில் இருந்த காலமெல்லாம் என்னிடம் இரண்டே முத்திரைகள் இருந்தன: சரி, தப்பு. அடுத்தவர் கொண்டுவந்ததன் மேல் அவற்றில் ஒன்றைக் குத்துவேன். நானே ஒன்றை உண்டாக்கி, இந்தா பார் என்று நீட்டியதே கிடையாது. இப்போதுதான் நீட்ட ஒன்று கிடைத்திருந்தது. அந்த ஆறில் ஒரு இடம் எனக்கு வேண்டும். இல்லையென்றால் மறுபடி உப்பு ஜாடி.

துணி டிசைன் என்றால் பூப்போடுவது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பூவை யார் வேண்டுமானாலும் போடலாம். அந்தப் பூவுக்குப் பக்கத்தில் அதே பூ, அதற்கும் பக்கத்தில் அதே பூ, கீழேயும் மேலேயும் அதே பூ என்று போய்க்கொண்டே இருக்கும்போது, ஒன்று எங்கே முடிகிறது மற்றது எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்ணுக்குத் தெரியக்கூடாது. அதுதான் வித்தை. ஒரு கட்டத்தை வரைந்து, அதையே திரும்பத் திரும்பப் போடுவதற்கு 'ரிப்பீட்' என்று பெயர். முதல் மாதம் என் ரிப்பீட்டைப் பார்த்தால் குளியலறை ஓடு பதித்த மாதிரி இருந்தது. இரண்டாம் மாதம் அணில் வரைந்தேன்; ஓரத்தில் ஒரு அணிலின் வால் வெட்டுப்பட்டு, அடுத்த கட்டத்து அணிலின் வாயில் போய் முடிந்தது. வகுப்பே ஒரு வாரம் சாப்பிடவில்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் சிரித்ததில் நிறையப் பேருக்குப் பசி எடுக்கவில்லை.

நாள் போகப் போக எனக்கு உலகமே ரிப்பீட்டாகத் தெரிய ஆரம்பித்தது. பேருந்து நிறுத்தத்தில் வரிசையாக நிற்கிறவர்களைப் பார்த்தால், நாலாவது ஆளைக் கொஞ்சம் கீழே இறக்கினால் நன்றாக இருக்கும் என்று கை துறுதுறுக்கும். வீட்டுக்காரரின் கட்டம்போட்ட சட்டையில் தையல் ஓரம் பொருந்தவில்லை என்று, அவர் அதைப் போட்டுக்கொண்டு கிளம்பிய பிறகு தெருமுனை வரை பின்னாலேயே போய்ச் சொன்னேன்.

கடைசி வேலைக்கு, "உங்களுக்கு ரொம்ப நாள் பழகின ஒரு பொருளை எடுத்துக்கோங்க" என்றாள் மேடம். எனக்கு யோசனையே தேவைப்படவில்லை. பித்தளை எடைக்கல். உச்சியில் குண்டு, அதற்குக் கீழே ஒடுங்கின கழுத்து, பிறகு அகலமான தோள், அடியில் லேசாக உள்ளே வாங்கின இடுப்பு. அதை விட அழகான உருவம் பூமியில் இல்லை. ஒவ்வொரு கல்லின் இடப்பக்கமும் ஒரு சுருட்டைக் கொடியை ஏற்றிவிட்டேன். வலப்பக்கத்தை வெறுமையாக விட்டேன், கல்லின் வளைவு தெரிய வேண்டுமே. மஞ்சள் துணியில் நீலம்.

"இதை ஒன்பது காப்பி எடுத்து, சுவத்துல சேத்து ஒட்டிப் பாருங்க" என்றாள் மேடம். "தள்ளி நின்னு பாக்கணும். அது முக்கியம்."

எடுத்தேன். ஒட்டினேன். எங்கள் வீட்டில் வெறும் சுவர் இருக்கிற ஒரே இடம் படுக்கையறைக்குப் போகிற நடை. அகலம் முக்கால் மீட்டர். பூதக்கண்ணாடியும் எஃகு அளவுகோலும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தேன். கால் மில்லிமீட்டர் பிசகில்லை. கண்ணாடியை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் சுவரை முகர்ந்தேன் என்றே சொல்லலாம். தள்ளி நிற்கத்தான் இடமில்லை. முப்பத்து மூன்று வருஷமாக எதையும் கிட்டே போய்ப் பார்த்துச் சம்பளம் வாங்கினவளுக்கு, தள்ளி நிற்பது ஒரு வேலை என்று தோன்றவும் இல்லை.

"செக் பண்ணிட்டீங்களா?" என்றாள் மேடம்.

"என்னைப் பாத்தா கேக்கறே?" என்றேன்.

பாவம், அதற்கு மேல் கேட்கவில்லை.

அச்சடிக்க இரண்டு பேர் வேண்டும். மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர். வலை கட்டின சட்டத்தைத் துணிமேல் வைத்து, சாயப்பசையை ரப்பர் கட்டையால் நான் பாதி தூரம் தள்ள, எதிரில் இருப்பவர் வாங்கி மீதியை இழுக்க வேண்டும். எனக்கு ஜோடி புள்ளி. இருபது வயதுப் பெண். புள்ளியைத் தவிர வேறெதுவும் வரையமாட்டாள், அதனால் அந்தப் பெயர். அவளுக்கும் அதே ஆறில் ஒரு இடம் வேண்டும். ஆகவே நாங்கள் ஒரே கட்டையின் இரண்டு முனையைப் பிடித்த எதிரிகள்.

"ஆன்ட்டி, மெதுவா தள்ளுங்க. ஜனங்க இதக் கட்டிக்கணும், தார் ரோடு போடல."

"நீ கையை வளைக்காம இழு. உன் புள்ளியெல்லாம் நேத்து முட்டையாப் போச்சு."

"முட்டை இல்ல, அது ஸ்டைல்."

முதல், மூன்றாம், ஐந்தாம் இடங்களில் அடித்து, காய்ந்த பிறகு நடுவில் விட்ட இடங்களை நிரப்ப வேண்டும். தொடர்ந்து அடித்தால் ஈரத்தின்மேல் சட்டம் உட்கார்ந்து தேய்த்துவிடும். ஆறு மீட்டர் முடிந்தபோது ஒரு இணைப்பும் தெரியவில்லை. மேசை ஓரத்தில் நின்று பார்த்தால் கற்களெல்லாம் படுத்துக்கொண்டிருந்தன. அடுத்த ஜோடி காத்திருந்ததால் உடனே எடுத்து மடித்து, சாயம் போகாமலிருக்க இஸ்திரிச் சூடு காட்டச் சொல்லி என் கையில் கொடுத்துவிட்டார்கள். என் வலைச்சட்டத்தையும் அடுத்தவருக்காகக் கழுவிவிட்டார்கள். இனி அந்த டிசைனை மறுபடி அடிக்க முடியாது. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்குத் தேர்வு. எனக்கு முதலிடமா இரண்டாமிடமா என்பதுதான் அப்போது என் கவலை.

வீட்டுக்கு வந்து இஸ்திரி போட்டேன். பிறகு, ஊர் பார்க்கட்டும் என்று மாடி பால்கனியிலிருந்து நீளவாக்கில் தொங்கவிட்டேன். காற்றில் அது ஆடின அழகைப் பார்த்துப் பறவைகள் வழிதவறின.

எதிர்க் கட்டடத்தில் ஒரு தையல்காரர் இருக்கிறார். பல்லில் ஊசியைக் கடித்துக்கொண்டே பேசுவார். அவர் கடை வாசலுக்கு வந்து நிமிர்ந்து பார்த்தார்.

"அம்மா, சார் எலெக்‌ஷன்ல நிக்கிறாரா?"

"ஏன் கேக்கறீங்க?"

"இல்ல, அவர் படத்த வரிசையா அடிச்சுத் தொங்க விட்டிருக்கீங்களே."

"அது எடைக்கல்."

"எடைக்கல் எங்கம்மா? நான் சாரத்தான் பாக்கறேன்."

கீழே இறங்கி, தெருவைக் கடந்து, அவர் பக்கத்தில் நின்று திரும்பிப் பார்த்தேன்.

எடைக்கல் ஒன்றுகூட இல்லை. எங்கே போயின என்றே தெரியவில்லை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலிருந்த மஞ்சள் இடைவெளி முன்னால் வந்து நின்றது. குண்டு துருத்தின இடம் கண்குழி. கழுத்து ஒடுங்கின இடத்தில் நீண்டு வளைந்த ஒரு மூக்கு. தோள் அகன்ற இடம் உதடு. அடியில் முகவாய். பக்கத்துக் கட்டத்தின் கொடி இந்தப் பக்கம் வந்து, பிடரியில் சுருண்ட முடியாக ஒட்டிக்கொண்டிருந்தது. உச்சந்தலையில் ஒன்றுமில்லை. முகம் ஒரு கட்டத்திலும் முடி அடுத்த கட்டத்திலும் இருந்ததால், சேர்கிற வரை அவர் அங்கே இல்லை. சேர்ந்ததும் வந்துவிட்டார். ஒரு வரிசைக்கு மூன்று, இருபத்து நாலு வரிசை. நான் பொதுவாக எண்ணிக்கையைக் கொஞ்சம் ஊதிச் சொல்கிறவள்தான். இதை மட்டும் எண்ணியே சொல்கிறேன். எழுபத்திரண்டு வீட்டுக்காரர்கள், எல்லோரும் இடப்பக்கம் பார்த்துக்கொண்டு, வராத பேருந்துக்காக நின்றிருந்தார்கள்.

இதற்கு மேடம் ஒரு பெயர் வைத்திருந்தாள்: இடைவெளிப் பேய். "ரிப்பீட்டுல பேய் வந்தா அந்தத் துணி அவ்வளவுதான்" என்று மூன்று தடவை சொல்லியிருந்தாள். மூன்று தடவையும் நான் அடுத்தவர் அளவுகோலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

புள்ளிக்குப் படம் எடுத்து அனுப்பினேன். போன் வந்தது. பேச்சு வரவில்லை, கொதிக்கிற கெட்டில் மாதிரி ஒரு சத்தம் மட்டும் வந்தது.

"சிரிச்சு முடிச்சிட்டியா?"

"ஒரு நிமிஷம் ஆன்ட்டி. அங்கிளுக்கு மூக்கு அவ்வளவு நீளமா?"

"நாளைக்கு எனக்கு இடம் போச்சு. உனக்கு ஒரு போட்டி குறைஞ்சது. சந்தோஷமா இரு."

சத்தம் சட்டென்று நின்றது. "அங்கேயே இருங்க, வரேன்" என்றாள்.

இரண்டே நிமிஷத்தில் சைக்கிளில் வந்தாள். எங்கள் வீட்டுக்கு இருபது நிமிஷ வழி. பையில் மிச்ச சாயப்பசை, பஞ்சு, இரண்டு தூரிகை. கூடத்துப் பொருளையெல்லாம் ஓரம் தள்ளித் துணியைத் தரையில் விரித்தோம். இடைவெளியில் ஏதாவது வைத்து அடைத்தால் பேய் ஓடிவிடும் என்பது அவள் திட்டம். ஏதாவது என்றால் அவளுக்குப் புள்ளிதான். ஒரு முகத்தில் மட்டும் ஆறு புள்ளி வைத்துப் பார்த்தோம்.

"அம்மை போட்ட மாதிரி இருக்கே" என்றேன்.

"பக்கத்துல போய்ப் பாக்காதீங்க, தள்ளி வாங்க."

தள்ளி வந்தோம். தூரத்திலிருந்து பார்த்தாலும் அம்மைதான்.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் நூலகத்திலிருந்து வந்தார். கதவருகிலேயே நின்றுவிட்டார். துணியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி துணியைப் பார்த்தார்.

"இது யாரு?"

"எடைக்கல்லுங்க."

"என்கிட்டயேவா."

நடந்ததைச் சொன்னேன். நாளைக்கு என் இடம் போய்விடும் என்றும் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் குனிந்து, மூன்றாவது வரிசையிலிருந்த தன்னை ரொம்ப நேரம் பார்த்தார்.

"மூக்கு சரியா வந்திருக்கு. முகவாய் கொஞ்சம் தூக்கல், பரவாயில்ல. ஆனா இது நான் இல்ல."

"அப்பாடா" என்றாள் புள்ளி.

"கண்ணாடி இல்லாம நான் எங்கம்மா போயிருக்கேன்? முப்பத்தஞ்சு வருஷமா கண்ணாடி இல்லாம வாசப்படி தாண்டினதில்ல. போட்டா முழுசா என்னைப் போடணும். இப்படி அரைகுறையா நாலு பேர் முன்னாடி நிறுத்தினா என் மரியாதை என்ன ஆகும்?"

நானும் புள்ளியும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

பேயை ஒளிக்க நினைத்தால்தான் அது பேய். கண்ணாடி மாட்டிவிட்டால் அவர் விருந்தாளி. தெரியாமல் வந்ததை வேண்டும் என்றே கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்காரவைத்த மாதிரி ஆகிவிடும். பதினொரு மாதப் படிப்பில் எனக்குப் புரியாதது அந்த ஒரு நிமிஷத்தில் புரிந்தது: வரைகிற உருவத்தை மட்டுமல்ல, வரையாமல் விடுகிற இடத்தையும் நான்தான் போடுகிறேன். அதற்கும் நான்தான் பொறுப்பு.

பெரிய அழிப்பான் ஒன்றை எடுத்து, ஒரு வட்டம், அதிலிருந்து காதுக்குப் போகிற ஒரு கோடு, அவ்வளவையும் முத்திரையாகச் செதுக்கினேன். வீட்டுக்காரர் மாடலாகப் பக்கவாட்டில் உட்கார்ந்தார். கொட்டாவிகூட விடவில்லை. சிவப்புச் சாயம். ஒவ்வொரு மூக்கின் மேலும் கண்ணாடி எங்கே உட்கார வேண்டும் என்று நான் அளந்து சுண்ணாம்புக் கட்டியால் குறி வைத்துக்கொண்டே போக, புள்ளி குத்திக்கொண்டே வந்தாள். வீட்டுக்காரர் பின்னாலேயே ஹேர் டிரையரைப் பிடித்து உலர்த்தினார். அம்மை வந்தவருக்கு மட்டும் கண்ணாடியைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டுப் புள்ளிகளை மறைத்தோம். வெளிச்சம் மங்குவதற்குள் எழுபத்திரண்டு பேருக்கும் பார்வை வந்தது.

புள்ளி கிளம்பும்போது கேட்டேன், "நீ ஏன் வந்தே? நான் போட்டியாச்சே."

"நீங்க போயிட்டா அந்தப் பக்கம் கட்டையை யார் பிடிப்பா?" என்றாள். "மத்தவங்கல்லாம் ரொம்ப மரியாதையா தள்றாங்க. எனக்குத் திட்டு வாங்கினாத்தான் கை நேரா வருது."

மறுநாள் பத்து மணிக்குப் பதினொரு துணிகளும் ஆளுக்கொரு எண்ணோடு கூரைக் கம்பியிலிருந்து தொங்கின. தேர்வுக்கு வந்தவர்களில் ஒருவர் பள்ளியின் தலைவர், எதைப் பார்த்தாலும் தலையாட்டுகிற அம்மாள். இன்னொருவர் பெரிய துணி மில்லில் டிசைன் பார்க்கிறவர். அவர் கடைசியாகச் சிரித்தது பால்பல் விழுவதற்கு முன்பு என்று வகுப்பில் பேச்சு. புள்ளியின் துணி முன்னால் நின்று, "நல்ல முட்டை" என்று மட்டும் சொன்னார். அவள் முகம் சுருங்கியது.

என் துணிக்கு வந்தார். கிட்டே போய் இணைப்புகளைப் பார்த்தார். பையிலிருந்து டேப்பை எடுத்து அளந்தார். எனக்கு அவரை உடனே பிடித்துப்போயிற்று. பிறகு பின்னால் நகர்ந்தார். இன்னும் நகர்ந்தார். வாசலில் நின்றிருந்த யார் மேலோ முதுகு இடித்தது. திரும்பினார். என் வீட்டுக்காரர். மத்தியானச் சாப்பாட்டை மறந்துவிட்டேன் என்று டப்பாவைக் கொண்டுவந்தாராம். டப்பாவைக் கொடுக்க வந்தவர் எதற்கு இஸ்திரி போட்ட சட்டையில், கண்ணாடி பளபளக்க, பக்கவாட்டில் திரும்பி நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது.

மில்காரர் அவரைப் பார்த்தார், துணியைப் பார்த்தார், மறுபடி அவரைப் பார்த்தார்.

"அம்மா," என்றார் என்னிடம், "இந்த முகம் நீங்க வேணும்னே வரைஞ்சதா, தானா வந்ததா?"

மேடம் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து எனக்குக் கண்ஜாடை காட்டினாள், வேணும்னே என்று சொல்லச் சொல்லி. புள்ளி வாயைத் திறந்து திறந்து மூடினாள், அதையே சொல்லச் சொல்லி. ஒரே வார்த்தை, என் இடம் எனக்கு. நான் கதை அளக்கிறவள்தான், பறவைகளை வழிதவற வைப்பேன், தராசுகளைப் பெருமூச்சு விடவைப்பேன். ஆனால் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு எடை என்ன என்று கேட்டால், பொய் சொல்ல வராது. எத்தனை பேரை அதற்காக நிற்கவைத்துக் கேட்டிருக்கிறேன்.

"தானா வந்தது" என்றேன். "நேத்து மத்தியானம் வரைக்கும் தப்பு. தள்ளி நின்னு பாக்கச் சொன்னாங்க, நான் பாக்கல. கண்ணாடி மட்டும்தான் வேணும்னு போட்டது."

மேடம் கண்ணை மூடிக்கொண்டாள். மில்காரர் டேப்பை மெதுவாகச் சுற்றினார்.

"எங்க மில்லுல நாலாயிரம் மீட்டர் திரைச்சீலை அடிச்சோம். ரோஜாப்பூ. என் டிசைன். கடையில தொங்க விட்ட பிறகுதான் தெரிஞ்சது, பூவுக்குப் பூ நடுவுல வரிசையா பல்லு. நீங்க கண்ணாடி போட்டீங்க. நான் நாலு நாள் லீவு போட்டேன்."

சொல்லிவிட்டு அவர் முகத்தில் ஏதோ நடந்தது. உதட்டின் ஒரு ஓரம் மேலே போனது, பிறகு இன்னொரு ஓரமும். தலைவர் அம்மாள் பயந்துபோய் அவருக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அவர் சிரித்துக்கொண்டிருக்கிறார் என்று எங்களுக்குத் தெரியக் கொஞ்ச நேரம் ஆனது.

நாலு மணிக்குப் பலகையில் ஆறு எண்களை ஒட்டினார்கள். புள்ளி மூன்றாவது. நான் ஆறாவது. என் எண்ணுக்குப் பக்கத்தில் மட்டும் கையால் ஒரு வரி எழுதியிருந்தது: 'நிபந்தனையுடன். இவருடைய எல்லா டிசைனும் வெளிச்சுவரில் ஒட்டி, தெருவுக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்த பிறகே அச்சுக்குப் போக வேண்டும்.'

நான் ஆடவில்லை. ஆடினேன் என்று வீட்டுக்காரர் சொல்வார், அவருக்கு அன்றைக்குக் கண்ணாடியில் தூசி.

இரண்டாம் வருஷம் தொடங்கி மூன்று நாள் ஆகிறது. நேற்று என் முதல் டிசைனை, வெறும் கோடுகள்தான், ஒன்பது தாளாக வெளிச்சுவரில் ஒட்டிவிட்டு, நானும் புள்ளியும் தெருவைக் கடந்து போய் நின்றோம்.

"என்ன தெரியுது?" என்றேன்.

"கோடு."

"வேற?"

"இன்னும் கோடு. போதும் ஆன்ட்டி, உள்ள போலாம்."

"இரு. இன்னும் பத்தடி பின்னால போய்ப் பாப்போம்."

"பின்னால சுவர்."

"கேட் திறந்துதானே இருக்கு" என்று யாருடைய வீடு என்று தெரியாத அந்த வாசலுக்குள், அவள் கையைப் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாகவே நடந்து போனேன்.